பாக்டீரியா டிஎன்ஏவில் குறுகிய ரிப்பீட்: அறிகுறியை வைத்துப் பிழை பிடிப்பது

பாக்டீரியா ஜீனோமில், அதாவது அதன் முழு டிஎன்ஏவில், குறுகிய ரிப்பீட்டுகளோடு (திரும்பத் திரும்ப வரும் வரிசைகளோடு) மல்லுக்கட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறுகிய என்றால் ஏ, சி, ஜி, டி என்ற டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்றே ஏழெட்டு முறை வருவதிலிருந்து நூறு சொச்சம் எழுத்துள்ள சரம் வரை. ஒரே சரம் ஒட்டி ஒட்டி அடுக்காக வரலாம், சீரான இடைவெளி விட்டு வரலாம், ஜீனோம் முழுக்கச் சிதறியும் கிடக்கலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தொல்லை தரும், ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சங்கதி உண்டு. திரையில் தெரியும் எண் செல்லுக்குள் இருப்பதைச் சொல்கிறதா, வரிசை படித்த கருவியின் கோளாறைச் சொல்கிறதா, இல்லை மென்பொருளை எழுதியவர் எப்போதோ வைத்த வரம்பைச் சொல்கிறதா என்று பிரித்துப் பார்க்காமல் முடிவுக்குப் போகக் கூடாது. மற்ற இடங்களில் இந்த மூன்றும் தனித்தனியாகத் தெரியும், ரிப்பீட்டில் மட்டும் மூன்றும் ஒரே முகத்தோடு வந்து நிற்கும்.

உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

எண்ணிக்கை இருக்க வேண்டியதைவிடக் குறைவாக வருகிறது

டிஎன்ஏ எழுத்துகளை வெறும் உரையாக வைத்திருக்கும் ஃபாஸ்டா கோப்பைத் திறந்து ஒரு சரத்தை அப்படியே தேடி எண்ணியிருக்கிறீர்கள், மற்றவர்கள் சொல்லும் எண்ணைவிட உங்களுடையது ரொம்பக் குறைவு. முதலில் கோப்பில் வரி எங்கே உடைகிறது என்று பாருங்கள். ஃபாஸ்டாவில் பொதுவாக 60, 70 அல்லது 80 எழுத்துக்கு ஒரு முறை அடுத்த வரி தொடங்கும். வரி வரியாகத் தேடுகிற கருவிக்கு, வரி முனையில் இரண்டாக வெட்டுப்பட்ட சரம் கண்ணிலேயே படாது.

எவ்வளவு தவறுகிறது என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்: சரத்தின் நீளத்தில் ஒன்றைக் கழித்து வரியின் நீளத்தால் வகுங்கள். 8 எழுத்துச் சரம், வரிக்கு 80 எழுத்து என்றால் 80இல் 7, அதாவது நூற்றுக்கு 9 தவறும். இழப்பு சின்னது என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள், அப்படியே அட்டவணைக்குள் போய் உட்கார்ந்துவிடும். காசநோய்க் கிருமியின் கிரிஸ்பர் பகுதியில், அதாவது ஒரே ரிப்பீட் சீரான இடைவெளி விட்டு வரும் இடத்தில், உள்ள 36 எழுத்து ரிப்பீட்டை வரிக்கு 70 எழுத்துள்ள கோப்பில் தேடினால் 70இல் 35, சரிபாதி காணாமல் போகும். எண்ணிக்கை பாதிக்குப் பக்கத்தில் வந்தால் உயிரியல் காரணம் யோசிப்பதற்கு முன் இதைச் சந்தேகியுங்கள்.

சரிசெய்வது எளிது. ஒவ்வொரு பதிவின் வரிகளையும் ஒரே நீண்ட வரியாகச் சேர்த்துவிட்டுத் தேடுங்கள். ஆனால் வேறு வேறு கான்டிக்குகளை (இடைவிடாமல் இணைந்த டிஎன்ஏ துண்டுகளை) ஒன்றோடொன்று ஒட்டிவிடாதீர்கள், ஒட்டின இடத்தில் இல்லாத சரம் புதிதாக முளைக்கும். அப்படியும் குறைந்தால் சிறிய எழுத்து, பெரிய எழுத்து வேறுபாட்டைப் பாருங்கள். சில கோப்புகளில் ரிப்பீட் என்று ஏற்கெனவே அடையாளம் கண்ட பகுதிகளைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், பெரிய எழுத்தில் மட்டும் தேடினால் நீங்கள் தேடும் பகுதியே விட்டுப்போகும். விண்டோஸில் சேமித்த கோப்பாக இருந்தால் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் குறி ஒன்று இருக்கும், வரிகளைச் சேர்க்கும்போது அது சரத்தின் நடுவில் சிக்கிக்கொள்ளும், அதையும் நீக்க வேண்டும். கடைசியாக, பெரும்பாலான பாக்டீரியாக் குரோமோசோம்கள் வட்டம், கோப்போ நேர்கோடு. முழுமையான வட்ட ஜீனோம் என்றால் தொடக்கத்திலிருந்து தேவையான எழுத்துகளை எடுத்துக் கடைசியில் ஒட்டிக்கொண்டு தேடுங்கள். இதில் கிடைப்பது ஒன்றோ இரண்டோதான், ஆனால் அடுக்கு ரிப்பீட் அந்த இடத்திலேயே இருந்துவிட்டால் ஒரு முழு லோகஸ் (ஜீனோமில் அந்த அடுக்கு இருக்கும் இடம்) இரண்டு துண்டாகிவிடும்.

எண்ணிக்கை இரண்டு மடங்காக வருகிறது

இரண்டு இழைகளிலும் தேடுவது சரிதான். ஆனால் தலைகீழ் நிரப்பு வரிசையும் (எதிர் இழையை எதிர்த் திசையில் படித்தால் வருவது) அதுவாகவே இருக்கிற சரங்களில் ஒவ்வொரு இடமும் இரண்டு முறை எண்ணப்படும். ஜி-ஏ-டி-சி இதற்கு நல்ல சோதனை. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் கே-12 வகை ஜீனோமில் அது ஏறக்குறைய 19,000 இடங்களில் வரும், உங்கள் நிரல் 38,000 என்று சொன்னால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. நான் புதிதாக எந்தத் தேடல் நிரல் எழுதினாலும் முதலில் இதை ஓட்டிவிடுவேன்.

இன்னொன்று, மேற்பொருந்தும் சரங்கள். தொடர்ந்து பத்து ஏ இருக்கும் இடத்தில் நான்கு ஏ-வைத் தேடினால் சில கருவிகள் 2 என்னும், சில 7 என்னும். இரண்டுமே தப்பில்லை, எது வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்து கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். நைசீரியா என்ற பாக்டீரியா இனங்களில் டிஎன்ஏவை உள்வாங்க உதவும் 10 எழுத்துச் சரமான ஜி-சி-சி-ஜி-டி-சி-டி-ஜி-ஏ-ஏ பல இடங்களில் எதிரெதிர்த் திசையில் ஜோடியாக, ஜீனின் முடிவுக்குப் பக்கத்தில் ஹேர்பின், அதாவது கொண்டை ஊசி வடிவத்தில் நின்று படியெடுப்பை (டிஎன்ஏவை ஆர்என்ஏவாக எழுதுவதை) நிறுத்தும் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. ஒருவர் ஜோடியை ஒன்றாக எண்ணி, இன்னொருவர் இரண்டாக எண்ணினால் இருவருக்கும் ஒருநாளும் ஒத்துப்போகாது.

இத்தனை முறை வருகிறதே, இதற்கு ஏதோ வேலை இருக்கும் என்று தோன்றுகிறது

இருக்கலாம். ஆனால் சும்மா எழுத்துகளைக் குலுக்கிப் போட்டால் எத்தனை முறை வரும் என்று கணக்கிடாமல் அதைச் சொல்ல முடியாது.

ஈ.கோலையின் கை (Chi) சைட்டை எடுத்துக்கொள்வோம். ஜி-சி-டி-ஜி-ஜி-டி-ஜி-ஜி என்ற 8 எழுத்து. ரெக்பிசிடி என்ற நொதி டிஎன்ஏ முனையை மென்றுகொண்டே வரும்போது இந்தச் சரத்தைக் கண்டதும் போக்கை மாற்றி, உடைந்த இடத்தைப் பழுதுபார்க்கும் வேலைக்கு வழி விடும். கே-12 ஜீனோமின் நீளம் 46,41,652. எட்டு எழுத்துக்குச் சாத்தியமான சேர்க்கைகள் 65,536. வகுத்தால் ஒரு இழைக்கு 71, இரண்டு இழைக்கும் சேர்த்து 142 வரும். உண்மையில் இருப்பது 1,008, அதாவது ஏழு மடங்கு.

இங்கேயே நின்றுவிடுகிறவர்கள் அதிகம். ஆனால் அந்தச் சரத்துக்குள் சி-டி-ஜி இருக்கிறது பாருங்கள், ஈ.கோலை மிக அதிகமாகப் பயன்படுத்தும் கோடான் (புரதத்தின் ஓர் அலகைக் குறிக்கும் மூன்றெழுத்து) அதுதான். புரதம் எழுதும் பகுதி ஜீனோமில் பெரும்பங்கு என்பதால், எந்த வேலையும் இல்லாமலேயே அந்த மூன்றெழுத்தைச் சுமக்கும் சரங்கள் எண்ணிக்கையில் மேலே போகும். அதனால் நான்கு எழுத்தையும் சமமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு போதாது. இரண்டு மூன்று எழுத்துச் சேர்க்கைகளின் உண்மையான விகிதத்தை வைத்து எதிர்பார்ப்பைக் கணக்கிடுங்கள், அல்லது கோடான் விகிதம் மாறாமல் ஜீன்களைக் குலுக்கி அதே தேடலைத் திரும்ப ஓட்டுங்கள். அப்புறமும் மிச்சம் இருப்பதுதான் பேச வேண்டிய மிகை. கை சைட்டில் அப்படியும் மிச்சம் இருக்கிறது. போதாததற்கு ஏறக்குறைய முக்கால்வாசி சைட்டுகள் டிஎன்ஏ நகலெடுப்பின் திசையோடு ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன. எண்ணிக்கையைவிட இந்தத் திசைச் சாய்வை நான் பெரிய சாட்சியாக மதிப்பேன்.

ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே ஆர்டி என்ற பாக்டீரியா இதற்கு நேர் எதிரான உதாரணம், அங்கே சந்தேகத்துக்கே இடமில்லை. 1995இல் முழுமையாகப் படிக்கப்பட்ட அந்த ஜீனோம் 18,30,137 எழுத்து, ஜி-யும் சி-யும் சேர்ந்து 38 சதவீதம். அந்த விகிதத்தை வைத்தால் ஏ-ஏ-ஜி-டி-ஜி-சி-ஜி-ஜி-டி என்ற 9 எழுத்து இரண்டு இழைகளிலும் சேர்ந்து எட்டு முறை வர வேண்டும். எண்ணினால் 1,465. டிஎன்ஏ உள்வாங்கலுக்கான அடையாளம் இது. எழுத்து விகிதத்தைக் கவனிக்காமல் நான்கையும் சமமாக எடுத்திருந்தால் எதிர்பார்ப்பு 14 என்று வந்திருக்கும். இந்த அளவு மிகையில் 8-க்கும் 14-க்கும் வித்தியாசம் கிடையாது, ஆனால் உங்கள் சரம் 30 முறை வருகிறது என்றால் அந்த வித்தியாசம்தான் முடிவையே தீர்மானிக்கும்.

பிளாஸ்ட்டில் ஒன்றுமே வரவில்லை

பிளாஸ்ட் என்பது ஒரு வரிசைக்கு ஒத்ததைத் தேடும் மென்பொருள். சரம் 28 எழுத்துக்குக் குறைவாக இருந்து, அதன் மெகாபிளாஸ்ட் வகையில் போட்டிருந்தால் வரவே வராது. அது தொடங்குவதற்கே 28 எழுத்து இடைவிடாமல் பொருந்த வேண்டும். சாதாரண பிளாஸ்ட்-என் 11 கேட்கும், குறுகிய சரங்களுக்கான அமைப்பில் 7 போதும், அதற்கு மாற்றுங்கள். அடுத்து டஸ்ட் என்ற வடிகட்டியை நிறுத்துங்கள். எளிய அடுக்குகளை அது தானாகவே மறைத்துவிடும், உங்களுக்கு வேண்டியதே அந்த எளிய அடுக்குதான். மூன்றாவது ஈ-மதிப்பின் (தற்செயலாக எத்தனை பொருத்தம் வரும் என்ற எதிர்பார்ப்பின்) வரம்பு. எட்டு எழுத்துச் சரம் தற்செயலாகவே நூறு முறைக்கு மேல் வரும் என்று மேலே பார்த்தோம், அப்படிப்பட்டதை வழக்கமான வரம்பு உள்ளே விடாது.

உண்மையில் 15 எழுத்துக்குக் கீழே பிளாஸ்ட் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். எழுத்துக்கு எழுத்து தேடும் சின்ன நிரல் போதும், ஓரிரு எழுத்து வேறுபட்டாலும் ஏற்றுக்கொள்ளும்படி அதை மாற்றிக்கொள்ளலாம், என்ன செய்கிறது என்பதும் முழுக்க உங்களுக்குத் தெரியும்.

டேண்டம் ரிப்பீட் ஃபைண்டர் கண்ணெதிரே இருக்கும் அடுக்கைக் காட்டவில்லை

அடுக்கு ரிப்பீட்டுகளைத் தேடும் இந்த நிரலில் பொதுவாக எல்லோரும் போடும் அமைப்பில் பொருந்தும் எழுத்துக்கு 2 மதிப்பெண், குறைந்தபட்ச மதிப்பெண் 50. அதாவது பிசகே இல்லாத அடுக்காக இருந்தாலும் 25 எழுத்தாவது பொருந்தியிருக்க வேண்டும். ஏழெட்டு ஜி தொடர்ந்து வரும் இடமோ, நான்கெழுத்து ஐந்து முறை வரும் இடமோ இதற்குள் வராது, ஆனால் பாக்டீரியாவில் ஜீனை அணைத்து ஏற்றும் அடுக்குகளில் பல இந்த அளவுதான். குறைந்தபட்சத்தை இறக்குங்கள். இறக்கினால் குப்பையும் சேர்ந்து வரும், அதை வடிகட்ட அடுக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: ஜீனின் தொடக்கத்துக்குப் பக்கத்திலா, புரமோட்டருக்குள்ளா (ஜீனை இயக்கும் பகுதிக்குள்ளா), அதே இனத்தின் வேறு ஸ்ட்ரெயினில் (உள்வகையில்) நீளம் மாறுகிறதா. மூன்றில் எதுவும் இல்லையென்றால் ஒதுக்கிவிடலாம்.

கிரிஸ்பர் இருக்கிறது என்கிறது ஒரு நிரல், இல்லை என்கிறது இன்னொன்று

1987இல் ஒசாகா பல்கலைக்கழகத்தில் இஷினோவும் அவருடைய குழுவினரும் ஈ.கோலையின் ஐஏபி ஜீனை வரிசைப்படுத்தியபோது, அதற்குப் பக்கத்தில் 29 எழுத்து ரிப்பீட், 32 எழுத்து இடைவெளி என்று மாறி மாறி வருவதைப் பதிவு செய்தார்கள். இன்றைக்கும் நிரல்கள் தேடுவது அதே வடிவத்தைத்தான், ஆனால் ஒவ்வொன்றும் வரம்பை வேறு வேறு இடத்தில் வைத்திருக்கிறது. மின்செட் என்ற நிரலை எடுத்துக்கொண்டால் குறைந்தது 3 ரிப்பீட், ரிப்பீட்டின் நீளம் 23 முதல் 47, இடைவெளியில் உள்ள ஸ்பேசர் 26 முதல் 50 என்பது அது வைத்திருக்கும் வழக்கமான வரம்பு. உங்கள் ஸ்ட்ரெயினில் இரண்டு ரிப்பீட்டும் நடுவில் ஒரு ஸ்பேசரும் மட்டும் மிஞ்சியிருந்தால் மின்செட் வாய் திறக்காது, கிரிஸ்பர்காஸ்ஃபைண்டர் அதைக் காட்டிவிட்டு நம்பகத்தன்மை 1 என்று குறிக்கும். அந்த நிரல் 1 முதல் 4 வரை தரம் போடுகிறது, மூன்று அல்லது அதற்குக் குறைவான ஸ்பேசர் உள்ளவை எல்லாம் 1-க்குள்தான். 1 என்றால் பொய் என்று அர்த்தமில்லை, நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள் என்று அர்த்தம். நிறையப் பேர் 1 வந்த வரிகளையும் சேர்த்து எண்ணி, இந்த ஸ்ட்ரெயினில் ஒன்பது கிரிஸ்பர் என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், பின்னால் வருகிறவர்கள் அந்த எண்ணை அப்படியே எடுத்து மேலே கட்டிக்கொண்டு போவார்கள்.

நிஜமா போலியா என்று பார்க்க நான் முதலில் ஸ்பேசர்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவேன். நிஜமான கிரிஸ்பரில் ரிப்பீட்டுகள் அச்சு அசலாக ஒன்றாகவும், ஸ்பேசர்கள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமலும் இருக்கும். ஸ்பேசர்களும் தங்களுக்குள் பாதிக்கு மேல் ஒத்துப்போனால் அது சாதாரண அடுக்கு ரிப்பீட், அதன் ஒரு பகுதி மட்டும் நன்றாகக் காக்கப்பட்டு மற்ற பகுதி கொஞ்சம் சிதைந்திருக்கிறது, அதைத்தான் நிரல் ரிப்பீட், ஸ்பேசர் என்று பிரித்துவிட்டது. செல்லின் மேற்பரப்புப் புரதங்களின் ஜீன்களில் இது சகஜம். இரண்டாவது, ஒரு ரிப்பீட்டும் ஒரு ஸ்பேசரும் சேர்ந்த நீளம் மூன்றால் வகுபடுகிறதா, அந்த இடம் முழுக்க ஒரே ஜீனுக்குள் நிறுத்தமே இல்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஆம் என்றால் சந்தேகம் வலுக்கிறது. ஈ.கோலையில் 29ம் 32ம் சேர்ந்து 61, மூன்றால் வகுபடாது, அப்படி ஒரு அடுக்கு புரத ஜீனுக்குள் ஒரே ரீடிங் ஃபிரேமில் (மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் வரிசையில்) நீண்டுகொண்டே போக வாய்ப்பு ரொம்பக் குறைவு.

பக்கத்தில் காஸ் ஜீன்கள் (கிரிஸ்பரோடு சேர்ந்து வேலை செய்பவை) இருந்தால் பெரிய ஆறுதல். இல்லையென்றால் மட்டும் தள்ளிவிடாதீர்கள், காஸ் ஜீன் இல்லாமல் அநாதையாக நிற்கும் நிஜமான அடுக்குகளும் உண்டு. அந்த ரிப்பீட் அதே ஜீனோமில் காஸ் பக்கத்தில் இருக்கும் இன்னொரு அடுக்கின் ரிப்பீட்டோடு ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இரண்டு நிரலும் ஒரே இடத்தைக் காட்டி, ரிப்பீட் மட்டும் வேறு வேறாகத் தெரிந்தால் ஒன்றைத் தலைகீழாக்கி நிரப்பு எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டும் ஒன்றே. எது சரியான திசை என்பதற்கு இரண்டு அடையாளம்: புது ஸ்பேசர் நுழையும் முனைக்கு வெளியே ஏ-டி மிகுந்த லீடர் பகுதி இருக்கும், எதிர் முனையில் கடைசி ரிப்பீட் பல சமயம் கொஞ்சம் சிதைந்திருக்கும். இந்தத் திசை தெரிந்தால் ஸ்ட்ரெயின்களை ஒப்பிடும்போது நிறையக் குழப்பம் தீரும். 2007இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸில் பரங்கோவும் ஹோர்வாத்தும் அவர்களுடைய குழுவும் செய்த சோதனையில், பேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) தாக்குதலைத் தாண்டிப் பிழைத்தவற்றில் புது ஸ்பேசர் லீடர் பக்கமே சேர்ந்திருந்தது. ஆகவே நெருங்கிய இரண்டு ஸ்ட்ரெயின்கள் லீடர் முனையில் வேறுபட்டால் அது இயல்பு. நடுவில் ஒரு கொத்து காணாமல் போயிருந்தால் இரண்டு ரிப்பீட்டுகள் தங்களுக்குள் இணைந்து நடுப்பகுதியை வெளியேற்றியிருக்கலாம், அதுவும் நடப்பதுதான். ஆனால் லீடரிலிருந்து தள்ளி, நடுவில் புதிதாக ஒரு ஸ்பேசர் மட்டும் முளைத்திருந்தால் அசெம்பிளியை, அதாவது கருவி படித்த துண்டுகளை இணைத்த விதத்தைச் சந்தேகியுங்கள்.

ஸ்பேசரை எந்தத் தரவுத்தளத்தில் தேடினாலும் எதனோடும் பொருந்தவில்லை என்பது கோளாறே இல்லை. பெரும்பாலான ஸ்பேசர்களுக்குப் பொருத்தம் கிடைக்காது, அவை வந்த பேஜ்களை நாம் இன்னும் படிக்கவில்லை. பொருத்தம் ரொம்ப அதிகமாக வந்தால்தான் கவனிக்க வேண்டும்: அதே இனத்தின் மற்ற ஸ்ட்ரெயின்களின் கிரிஸ்பர் அடுக்குகளோடேயே பொருந்திக்கொண்டிருக்கும். அடுக்கை மறைத்துவிட்டுத் தேடுங்கள்.

அசெம்பிளி ரிப்பீட்டில் உடைகிறது, அல்லது அடுக்கு குட்டையாக வருகிறது

உடைப்புக்குக் குறுகிய ரிப்பீட்டைக் குறை சொல்லும் முன் கான்டிக் முனைகளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஈ.கோலையில் ஏழு ரைபோசோம் ஆர்என்ஏ ஓபரான்கள் (ஒன்றாக இயங்கும் ஜீன் தொகுதிகள்) இருக்கின்றன, ஒவ்வொன்றும் 5,000 எழுத்துக்குப் பக்கம், கூடவே ஆயிரம் சொச்சம் எழுத்துள்ள ஐஎஸ் துண்டுகள் (இடம் மாறிக் குதிக்கும் டிஎன்ஏ). 150 எழுத்து ரீட்களில் (கருவி ஒரு முறை படிக்கும் துண்டுகளில்) பெரும்பாலான உடைப்புகள் இவற்றால்தான்.

கிரிஸ்பர் பொதுவாக உடையாது. ஸ்பேட்ஸ் மாதிரியான நிரல்கள் ரீட்களைக் கே-மர்களாக, அதாவது ஒரே நீளமுள்ள சிறு துண்டுகளாக நறுக்கி இணைக்கின்றன. துண்டு 33 எழுத்தாக இருந்தால் 36 எழுத்து ரிப்பீட்டுக்குள் முழுதாக அடங்கி எல்லா ரிப்பீட்டும் ஒரே முடிச்சாகிவிடும், 55 என்றால் ஒவ்வொரு துண்டும் ஸ்பேசரின் கொஞ்சத்தையாவது பிடித்திருக்கும், முடிச்சு அவிழ்ந்துவிடும். ஆக கிரிஸ்பர் உடைந்தால் கே-மர் நீளத்தை ஏற்றிப் பாருங்கள், ரீட்கள் ரொம்பக் குட்டையாக வெட்டப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஒட்டி ஒட்டி வரும் அடுக்கு வேறு கதை. 75 எழுத்து அலகு மூன்று முறை வந்தால் 225, 150 எழுத்து ரீட் எதுவும் அதை முழுசாகக் கடக்க முடியாது, எந்தக் கே-மரைப் போட்டாலும் பயனில்லை. அசெம்பிளி அதைச் சுருக்கிவிடும். சுருங்கியதற்கு அடையாளம், ரீட்களைத் திரும்பப் பொருத்தினால் அந்த இடத்தில் ஆழம் (ஓர் இடத்தின் மேல் படியும் ரீட்களின் எண்ணிக்கை) திடீரென்று ஏறியிருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: ஆழத்தை ஜீனோம் சராசரியோடு ஒப்பிடாதீர்கள். வேகமாக வளர்ந்துகொண்டிருந்த செல்களிலிருந்து டிஎன்ஏ எடுத்திருந்தால் நகலெடுப்பு தொடங்கும் இடத்தைச் சுற்றி ஆழம் இயல்பாகவே அதிகம், முடியும் இடத்தில் குறைவு. பக்கத்தில் உள்ள சில ஆயிரம் எழுத்துகளின் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். தீர்வு என்றால் நீண்ட ரீட்தான், வேறு குறுக்கு வழி இல்லை.

நல்ல ஜீன் உடைந்துவிட்டதாகக் குறிப்பு வருகிறது

ஒரே ஸ்ட்ரெயினை இரண்டு முறை படித்தால் ஒரு முறை ஜீன் முழுதாக, மறுமுறை பாதியில் நின்றுபோனதாக வருகிறது. அந்த ஜீனுக்குள் அடுக்கு இருக்கிறதா பாருங்கள். ஹீமோஃபிலஸின் லிக் ஜீன்களில் சி-ஏ-ஏ-டி என்ற நான்கெழுத்து அடுக்கு வரும், நைசீரியாவின் ஓபா ஜீன்களில் சி-டி-சி-டி-டி என்ற ஐந்தெழுத்து. டிஎன்ஏ நகலெடுக்கும்போது இழை வழுக்கி ஓர் அலகு கூடினாலோ குறைந்தாலோ ரீடிங் ஃபிரேம் மாறும், ஏனென்றால் நான்கும் ஐந்தும் மூன்றின் மடங்கு இல்லை. ஜீன் அணையும், இன்னொரு முறை வழுக்கினால் மறுபடி ஏறும். உடலின் எதிர்ப்பு சக்தியிடமிருந்து தப்ப அந்தப் பாக்டீரியா வைத்திருக்கும் ஏற்பாடே இதுதான். போலிஜீன் என்று எழுதி மூடிவிட்டால் அந்த ஜீனோமின் மிகச் சுவாரசியமான பகுதியைத் தூக்கி எறிந்ததாகிவிடும்.

ஆனால் இதே தோற்றத்தைக் கருவியும் தரும். பிசிஆர் முறையில் டிஎன்ஏவைப் பெருக்கும்போதும் அதே மாதிரி வழுக்கல் நடக்கும், நானோபோர் கருவி ஒரே எழுத்து நீளமாக வரும் இடத்தில் நீளத்தைத் தப்பாகச் சொல்லும். அசெம்பிளியில் இருக்கும் ஒற்றை விடையை நம்பாமல் ரீட்களுக்குப் போங்கள். அடுக்கை முழுதாகக் கடந்து இரண்டு பக்கமும் குறைந்தது 10 எழுத்து வெளியே நீளும் ரீட்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை அலகு என்று எண்ணிப் பரவலைப் பாருங்கள். ஒரே உயரமான கம்பமும் அதற்கு ஓர் அலகு கீழே சின்னத் தோளும் இருந்தால் பிசிஆரின் வேலை. இரண்டு கம்பங்கள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்து, இரண்டு இழையிலிருந்து வந்த ரீட்களிலும் அதே விகிதம் தெரிந்தால் குடுவைக்குள் இரண்டு வகைச் செல்களும் கலந்திருக்கின்றன.

ஆழம் போதுமா என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுங்கள். நான்கெழுத்து 30 முறை என்றால் 120 எழுத்து. 150 எழுத்து ரீட் அதைக் கடந்து இரண்டு பக்கமும் பத்துப் பத்து விட வேண்டுமானால் அது தொடங்கக்கூடிய இடங்கள் வெறும் 11. 60 மடங்கு ஆழத்தில் ஓர் இடத்துக்குச் சராசரி 0.4 ரீட்தான் தொடங்கும், ஆக உங்களுக்குக் கிடைப்பது நாலைந்து ரீட். அதை வைத்து 60:40 கலவை என்றெல்லாம் பேச முடியாது. ஒற்றைக் காலனியை எடுத்து வளர்த்துப் படித்தால் தெளியும், அதிலும் தலைமுறைகள் கூடக் கூட மாறுபாடு திரும்ப வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

காசநோய்க் கிருமியின் ஸ்பாலிகோடைப் புரியாத எண்ணாக வருகிறது

ஸ்பாலிகோடைப் என்பது இந்தக் கிருமியின் கிரிஸ்பர் ஸ்பேசர்களை வைத்து ஸ்ட்ரெயினை அடையாளம் காணும் முறை. 43 ஸ்பேசர்களில் எது இருக்கிறது, எது இல்லை என்பதை மூன்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 7 வரை ஓர் இலக்கம் போட்டு, 15 இலக்கமாக எழுதுவது வழக்கம். பெய்ஜிங் வகையில் 1 முதல் 34 வரை இல்லை, 35 முதல் 43 வரை இருக்கிறது, அதனால் 000000000003771. அட்டவணை மென்பொருளில் ஒட்டியதும் முன்னால் உள்ள 11 பூஜ்யங்களும் போய் 3771 என்று நிற்கும். பிசிஜி தடுப்பூசி ஸ்ட்ரெயினின் 676773777777600 போன்ற நீண்ட எண்களோ பத்தின் அடுக்காகச் சுருங்கிவிடும். அந்தப் பத்தியை எண்ணாக வைக்காமல் எழுத்தாக மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

ஆய்வகத்தில் சவ்வில் செய்த ஸ்பாலிகோடைப் சோதனையில் இல்லாத ஸ்பேசர் ஜீனோம் ரீட்களில் இருக்கிறது என்றால் உடனே எதையும் தப்பென்று சொல்லாதீர்கள். ஐஎஸ்6110 துண்டு ரிப்பீட்டுக்குள் நுழைந்தால் அங்கே ப்ரைமர் (பெருக்கலைத் தொடங்கும் குட்டி டிஎன்ஏ) ஒட்டாது, பக்கத்து ஸ்பேசர் பெருகாது, சவ்வில் வெறுமையாகத் தெரியும். ஜீனோமிலோ அது பத்திரமாக இருக்கும். இரண்டு முடிவுமே சரி, எந்த முறையில் எடுத்தது என்று குறித்து வைத்தால் போதும். மாறாக, ரீட்களில் இல்லாமல் சவ்வில் இருந்தால் ஆழம் குறைவா என்று பாருங்கள். இந்தக் கிருமியில் ஸ்பேசர் போகும், புதிதாகச் சேராது. அதனால் ஒரே நோயாளியின் பிந்தைய மாதிரியில் முன்பு இல்லாத ஸ்பேசர் தென்பட்டால் கலப்பு, மாதிரி மாறியது, வேறு ஸ்ட்ரெயின் தொற்றியது என்ற திசையில் தேட வேண்டும்.

விஎன்டிஆர் எண் ஆய்வகத்திலும் கணினியிலும் வேறு வேறு

விஎன்டிஆர் என்பது ஸ்ட்ரெயினுக்கு ஸ்ட்ரெயின் அலகு எண்ணிக்கை மாறும் அடுக்கு. அதை எண்ண, பிசிஆர் துண்டின் நீளத்திலிருந்து இரண்டு ஓரங்களையும் கழித்து அலகின் நீளத்தால் வகுக்கிறோம். உதாரணத்துக்கு ஓரங்கள் 200, அலகு 75, அளந்தது 430 என்றால் 3.07, அதாவது 3. வித்தியாசம் எல்லா மாதிரியிலும் ஒரே மாதிரி ஒன்று கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தால், அரைகுறையாக நிற்கும் கடைசி அலகை ஒருவர் எண்ணி மற்றவர் விட்டிருக்கிறார், அல்லது ப்ரைமர் வேறு, ஓரத்தின் நீளம் வேறு. எண் தெரிந்த குறிப்பு ஸ்ட்ரெயின் ஒன்றை இரண்டு வழியிலும் ஓட்டிச் சரிபாருங்கள், காசநோய்க்கு எச்37ஆர்வி. வித்தியாசம் ஒரு சில மாதிரிகளில் மட்டும், அதுவும் அலகு அதிகமுள்ள இடங்களில் வந்தால், குறுகிய ரீட்களில் அடுக்கு சுருங்கிய மேற்சொன்ன கதைதான், ஆய்வக எண்ணை நம்புங்கள்.

பூஜ்யத்தையும் வெற்றிடத்தையும் கலக்காதீர்கள். துண்டு பெருகியது, உள்ளே அலகு இல்லை என்றால் 0. துண்டே பெருகவில்லை என்றால் கோடு. அட்டவணையில் இரண்டையும் 0 என்று போட்டால் தொடர்பே இல்லாத ஸ்ட்ரெயின்கள் சொந்தக்காரர்களாகிவிடும்.

ஒரு லோகஸில் மட்டும் ஜெல்லில் இரண்டு பட்டை (இரண்டு நீளத்தில் துண்டு) வந்தால் அதே ஸ்ட்ரெயினுக்குள் ஏற்பட்ட சின்ன மாறுபாடு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட லோகஸ்களில் வந்தால் இரண்டு ஸ்ட்ரெயின்கள் கலந்திருக்கின்றன. அது நோயாளிக்குள் கலந்ததா, மேஜையில் கலந்ததா என்பதைத் தனித்தனி காலனிகளையும் மூல மாதிரியையும் திரும்ப ஓட்டித்தான் சொல்ல முடியும்.

ரெப்-பிசிஆர் பட்டைகள் ஒவ்வொரு முறையும் மாறுகின்றன

ரெப்-பிசிஆர் என்பது ஜீனோமில் சிதறிய ரிப்பீட்டுகளில் ப்ரைமரை ஒட்டவைத்து, வரும் பட்டைகளை வைத்து ஸ்ட்ரெயின்களைப் பிரிப்பது. மெக்னீசியம் அளவு, டிஎன்ஏ அளவு, ப்ரைமர் ஒட்டும் வெப்பநிலை, ஏன், பிசிஆர் கருவி மாறினால்கூடப் பட்டை மாறும். ஒரே நாளில், ஒரே ஜெல்லில் ஓட்டியவற்றை மட்டும் ஒப்பிடுங்கள், ஒவ்வொரு ஜெல்லிலும் ஒரே குறிப்பு ஸ்ட்ரெயினைப் போடுங்கள். எரிக் என்ற சிதறிய ரிப்பீட்டுக்கான ப்ரைமர் பட்டை தந்துவிட்டது என்பதற்காக அந்தப் பாக்டீரியாவில் எரிக் வரிசை இருக்கிறது என்று எழுதாதீர்கள். அந்த 120 சொச்சம் எழுத்து வரிசை ஈ.கோலை, சால்மனெல்லா குடும்பத்தைச் சார்ந்தது, அதற்கு வெகுதூரத்தில் உள்ள உயிரிகளிலும் ப்ரைமர் கிடைத்த இடத்தில் அரைகுறையாக ஒட்டிக்கொண்டு பட்டைகளைத் தரும். ஸ்ட்ரெயின்களைப் பிரித்துப் பார்க்க அந்தப் பட்டைகள் உதவலாம். வரிசை இருக்கிறதா என்பதற்கு ஜீனோமில் நேராகத் தேடுங்கள்.